காவிரி டெல்டா பஞ்சங்களும் பருவமழையும்: சோழர் காலம் முதல் மேட்டூர் வரை (விவாத இழை)

1. கடைமடை

எல்லாருக்கும் வணக்கம். "சோழர் எழுச்சிக்கு இடைக்கால வெப்பக் காலத்தின் நல்ல மழை காரணம், வீழ்ச்சிக்குக் குறும்பனிக் காலத்தின் வறட்சி காரணம்" என்று ஒரு கருத்து இப்போது எல்லா இடத்திலும் ஓடிக்கொண்டிருக்கிறது. உலக வரைபடம் ஒன்றைப் போட்டு, கி.பி. 950 முதல் 1250 வரை சிவப்பு, 1300 முதல் 1850 வரை நீலம் என்று தீட்டி, அதன்மேல் தஞ்சாவூரை ஒட்டிவிடுகிறார்கள். நம் டெல்டாவுக்கு இது பொருந்துமா? திருத்துறைப்பூண்டி, தலைஞாயிறு பக்கத்துப் பழைய கணக்குகளை வைத்து ஒரு காலவரிசை தயாரிக்க எண்ணம். எந்தச் சான்றை எதற்குப் பயன்படுத்தலாம், எங்கே தடுமாறுவோம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

2. வெண்ணாற்றங்கரை

நல்ல கேள்வி, ஐயா. முதலில் அந்த வரைபடத்தை ஓரமாக வையுங்கள். டெல்டாவுக்கு ஒரே ஒரு மழை வரைகோடு போட்டால் கணக்கு அங்கேயே பிசகிவிடும்.

டெல்டா குடிப்பது இரண்டு தண்ணீர். ஒன்று குடகிலும் வயநாட்டிலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்து ஆற்றில் வருவது. மற்றொன்று அக்டோபர் முதல் டிசம்பர் வரை வயலிலேயே விழுவது. நாகப்பட்டினத்தில் ஆண்டு மழையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. நெல் போகங்களில் குறுவை முழுக்க முதல் தண்ணீரை நம்பியது. சம்பா, தாளடி இரண்டும் ஆற்றுத் தண்ணீரில் தொடங்கி, மழைத் தண்ணீரில் வளர்ந்து, தையில் மறுபடி ஆற்றுத் தண்ணீரில் முடிகிறவை.

முக்கியமான இடம் இது: பசிபிக் கடலின் வெப்ப ஊசல் இந்த இரண்டு மழையையும் எதிரெதிர்த் திசையில் தள்ளுகிறது. நடு பசிபிக் சூடேறும் எல் நினோ ஆண்டில் தென்மேற்குப் பருவம் இளைக்கிறது. அதே ஆண்டு ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் கீழைக்காற்று வலுத்து, தமிழகக் கரைக்கு ஈரம் அதிகம் வந்து சேரும். பசிபிக் குளிரும் லா நினா வந்தால் இது தலைகீழ். 2015ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வலுவான எல் நினோ. கர்நாடக அணைகளுக்கு வரத்து குறைவு, மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12இல் திறக்கவில்லை. ஆனால் அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிடப் பாதிக்கு மேல் கூடுதல், சென்னையில் பெருவெள்ளம்.

இதோடு இந்தியப் பெருங்கடலின் இருமுனை ஊசலையும் சேர்க்க வேண்டும். ஆப்பிரிக்கக் கரைப் பக்கம் சூடேறி, சுமத்திராப் பக்கம் குளிர்ந்தால் நேர்மறை. அது எல் நினோவின் கெடுதலைத் தணிக்கவும் செய்யும். 1997இல் நூற்றாண்டின் பெரிய எல் நினோக்களில் ஒன்று இருந்தும் நாட்டின் தென்மேற்குப் பருவம் இயல்பாக முடிந்ததற்கு இதை ஒரு முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள்.

ஆக "வறண்ட காலம்", "ஈரக் காலம்" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால், எந்த மழை என்று கேளுங்கள். இரண்டும் அடுத்தடுத்துப் பொய்த்தால்தான் டெல்டா சாயும். ஒன்று போய் மற்றொன்று நின்றால் ஒரு போகமாவது வீடு வந்து சேரும்.

3. புதுஆறு

கொஞ்சம் பொறுங்கள். லா நினா என்றால் வடகிழக்குப் பருவம் குறையும் என்பதை விதியாகவே வைத்துவிட்டீர்கள். 2010 லா நினா, மழை நன்றாகப் பெய்தது. 2021 லா நினா, இயல்பைவிட அறுபது விழுக்காடு வரை கூடுதல். குறுவை அறுவடையும் இளம் சம்பாப் பயிரும் தண்ணீரில் நின்றதை டெல்டா முழுக்கப் பார்த்தோம். இந்த விதியை எடுத்துக்கொண்டு 800 ஆண்டு பின்னால் போவது நியாயமா?

4. வெண்ணாற்றங்கரை

நியாயமான ஆட்சேபம். அது சாய்வுதான், விதி இல்லை. பல பத்தாண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் எல் நினோ ஆண்டுகளில் வடகிழக்கு மழை கூடுவது தெரிகிறது. தனித்தனி ஆண்டை எடுத்தால் மீறல் உண்டு, அண்மைக் காலத்தில் அந்த மீறல் கூடியிருக்கிறது. வங்கக் கடலின் சொந்த வெப்பம், பருவத்துக்குள்ளேயே முப்பது நாற்பது நாளுக்கு ஒருமுறை கிழக்கே நகரும் மேகத்திரள், ஒரே ஒரு புயல் எங்கே கரை ஏறுகிறது என்பது, இவையெல்லாம் தனி ஆண்டின் கணக்கைப் புரட்டிவிடும். அதனால் "1201இல் பஞ்சம், ஆகவே அந்த ஆண்டு எல் நினோ" என்று பின்னோக்கி ஊகிக்கக் கூடாது. நூறு ஆண்டுகளில் வறட்சி எத்தனை முறை நெருக்கமாக வந்தது என்ற கேள்விக்குத்தான் இந்தச் சாய்வு உதவும்.

மொத்த மழையளவும் ஏமாற்றும். 1952 நவம்பர் நாகப்பட்டினம் புயல், 1977 நவம்பர் புயல், 2018 கஜா போன்ற ஆண்டுகளில் இரண்டு நாள் மழையே பருவத்தின் கூட்டுத்தொகையைத் தூக்கிவிடும். பயிருக்கு அது மழை இல்லை, சேதம்.

5. படியெடுப்பு

சோழர் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். தொடக்கக் கேள்வியில் உள்ள கருத்து காலவரிசையிலேயே இடிக்கிறது.

மூன்றாம் இராசேந்திரனோடு சோழர் ஆட்சி 1279இல் முடிகிறது. அதற்கு முன்பே, 1250களில், சடையவர்மன் சுந்தரபாண்டியன் காவிரிக் கரையைக் கைப்பற்றிவிட்டான். சத்தீஸ்கரில் உள்ள தண்டக் குகையின் கல்படிவு காட்டும் நீண்ட வறட்சிகள் 14ஆம் நூற்றாண்டிலும் 15ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலும் வருகின்றன. தக்காணத்தின் துர்காதேவிப் பஞ்சம் 1396இல் தொடங்கியதாகச் சொல்லப்படுகிறது. அரசு போய் இரண்டு தலைமுறைக்குப் பின் வந்த வறட்சி அந்த அரசை எப்படி வீழ்த்தும்?

மறுபக்கம் பாருங்கள். நல்ல மழைக்காலம் என்று சிவப்புத் தீட்டிய அதே காலத்துக்குள்தான் பஞ்சக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஆலங்குடியில் 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒன்று, காலம் கெட்டு, உண்ணவும் விதைக்கவும் நெல் வாங்க வழியில்லாமல் ஊர்ச்சபை கோயில் பண்டாரத்துப் பொன்னையும் வெள்ளியையும் கடன் வாங்கியதைச் சொல்கிறது. திருப்பாம்புரத்தில் மூன்றாம் குலோத்துங்கன் காலத்தது, 1201. காசுக்கு மூன்று நாழி நெல் விற்ற நேரம், ஒரு வேளாளர் தன்னையும் தன் இரண்டு பெண்மக்களையும் 110 காசுக்கு விற்றுக்கொண்டார். டெல்டாவின் நடுவில், ஆற்றுப்பாசனம் உள்ள ஊரில் இது நடந்திருக்கிறது. அதைக் கல்லில் படிக்கும்போது நெஞ்சு கனக்கும். அவர் விற்றது நிலத்தை இல்லை, பிள்ளைகளை.

கல்வெட்டைச் சான்றாகக் கையாளும்போது மூன்று இடத்தில் தடுக்கும். கல்வெட்டு வெட்டியது கோயில், ஆகவே கோயிலோடு கொடுக்கல் வாங்கல் நடந்த பஞ்சம் மட்டுமே பதிவாகியிருக்கும். "காலம் பொல்லாதாய்" போன்ற தொடர் மழையையும் குறிக்கலாம், போரையும் வரிச்சுமையையும் குறிக்கலாம், பக்கத்து வரிகளில் நெல்விலையோ விதைநெல்லோ வருகிறதா என்று பார்க்காமல் வறட்சிப் பட்டியலில் ஏற்றாதீர்கள். மூன்றாவது, வெள்ளம். ஆறு உடைத்து மணல் ஏறி நிலம் பாழாகி வரி நீக்கிய செய்தியும் பஞ்சம் போலவே வாசிக்கப்படும். அதைத் தனிக் கட்டத்தில் போடுங்கள்.

6. கடைமடை

மிக்க நன்றி ஐயா. குகைக் கல்படிவில் மழையை எப்படி அளக்கிறார்கள்? சத்தீஸ்கர்க் குகை நமக்குச் சாட்சி சொல்லலாமா?

7. வெண்ணாற்றங்கரை

கூரையிலிருந்து சொட்டும் நீர் ஒவ்வொரு அடுக்காகச் சுண்ணத்தைப் படிய விடும். அந்தச் சுண்ணத்தில் உள்ள ஆக்சிஜனில் கனமான அணுவும் லேசான அணுவும் என்ன விகிதத்தில் உள்ளன என்று பார்ப்பார்கள். மழை கனத்துப் பெய்யும் ஆண்டுகளில் கனமான அணுவின் பங்கு குறையும். அடுக்கின் வயதை யுரேனியம் சிதைந்து தோரியமாக மாறிய அளவைக் கொண்டு கணிப்பார்கள். பிழை எல்லை சில ஆண்டு முதல் சில பத்தாண்டு வரை இருக்கும். ஆகவே "1396" போன்ற ஒற்றை ஆண்டை ஒரு படிவு அடுக்கோடு பொருத்த முயல வேண்டாம். "14ஆம் நூற்றாண்டின் பிற்பாதி" என்ற அளவில் நிறுத்துங்கள்.

அது சாட்சி சொல்வது நடு இந்தியத் தென்மேற்குப் பருவத்துக்கு. குடகு வரத்துக்குத் தூரத்துச் சாட்சி. ஐப்பசி மழைக்குச் சாட்சியே இல்லை. நமக்கு இன்னும் நெருக்கமானது கேரளத் தேக்கின் ஆண்டு வளையம். 1481 முதல் 2003 வரை தொடர்ச்சியாக எடுத்திருக்கிறார்கள். மழை குறைந்த ஆண்டில் வளையம் ஒடுங்கும், எல் நினோ ஆண்டுகளில் ஒடுங்கிய வளையம் அதிகம். மர வளையத்துக்கு வயதுப் பிழை அநேகமாக இல்லை என்பதால் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அதே மழைதான் காவிரிக்கும் வருகிறது.

தென்கிழக்காசிய மர வளையங்களையும் பாருங்கள். வியட்நாம் மலை மரங்கள் 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பல பத்தாண்டு நீண்ட வறட்சியைக் காட்டுகின்றன, இடையிடையே கடும் மழையும் வந்திருக்கிறது. கம்போடியாவின் அங்கோர் நகர வாய்க்கால்கள் அந்த வெள்ளத்தில் மணல் ஏறித் தூர்ந்தன. வறட்சி நீளும்போது பராமரிப்பு தளர்கிறது, தளர்ந்த வாய்க்காலில் வெள்ளம் பாய்ந்தால் கரை போகிறது. நம் கொள்ளிடக் கரைக்கும் இதே ஆபத்துதான்.

1756 முதல் 1768 வரை ஆசியப் பருவமழை நாடுகளில் இன்னொரு நீண்ட வறட்சி அந்த மரங்களில் தெரிகிறது. இதை நினைவில் வையுங்கள், கீழே படியெடுப்பு ஐயா ஏதாவது சொல்வார் என்று நினைக்கிறேன்.

8. நீர்க்கட்டி

அண்ணே, எல்லாரும் 1876இன் தாது வருஷப் பஞ்சத்துக்கு வருவதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூரில் 1781 முதல் இரண்டு மூன்று ஆண்டு விளைச்சல் சரிந்ததை யாராவது 1783 ஐஸ்லாந்து எரிமலையோடு முடிச்சுப் போட்டால் நம்பாதீர்கள். வட இந்தியாவின் சாலிசாப் பஞ்சத்துக்கு அந்த எரிமலையை ஒரு காரணமாகப் பேசலாம். இங்கே நடந்தது ஹைதர் அலியின் படையெடுப்பு. படை ஊருக்குள் வந்தது, ஆள் ஓடினார்கள், மாடு போனது, கரை உடைந்தது. உழ ஆளில்லாத வயலில் மழை பெய்தும் பயனில்லை. எரிமலை வெடித்தது 1783 ஜூனில், விளைச்சல் அதற்கு முன்பே விழுந்துவிட்டது.

9. படியெடுப்பு

நன்றாகச் சொன்னீர்கள் தம்பி.

வெண்ணாற்றங்கரை நினைவூட்டியதற்கு வருகிறேன். "தாது வருஷம்" என்று ஒரு ஓலையிலோ, வாய்மொழிப் பாட்டிலோ, குளக்கரைக் கல்லிலோ வந்தால் உடனே 1876 என்று எழுதிவிடுகிறார்கள். அறுபதாண்டுச் சுற்றில் தாது பத்தாவது. 1756இலும் தாது, 1816இலும் தாது, 1876இலும் தாது. இந்த மூன்றுமே மழைக்கு மோசமான ஆண்டுகளோடு ஒட்டி வருவதுதான் சிக்கல். 1756 மேலே சொன்ன ஆசிய வறட்சியின் தொடக்கம். 1816 என்பது 1815 ஏப்ரலில் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்ததற்கு மறுவருடம், இந்தியாவில் பருவம் குலைந்த ஆண்டு. ஆகவே ஆட்சியாளர் பெயர், நாணயம், எழுத்து நடை, கிழக்கிந்தியக் கும்பினி பற்றிய குறிப்பு என்று வேறு ஒரு பிடி இல்லாமல் ஆண்டு தீர்மானிக்காதீர்கள்.

கணக்கு எளிது. ஆங்கில ஆண்டிலிருந்து 1867ஐக் கழியுங்கள், 60ஆல் வகுத்து மீதியோடு ஒன்றைக் கூட்டுங்கள். வருவது சுற்றில் எத்தனையாவது ஆண்டு என்பது. 2015: மீதி 28, ஒன்று கூட்ட 29, மன்மத. ஆனால் ஆண்டு சித்திரையில் பிறக்கிறது. 1877 ஜனவரி முதல் ஏப்ரல் நடு வரை நடந்ததும் தாதுதான். தை அறுவடை பொய்த்ததை "தாதுவில்" என்று எழுதியிருந்தால் அது 1877இன் தொடக்கம்.

வருவாய்க் கணக்கில் பசலி வரும். ஜூலை முதல் ஜூன் வரை. பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு. பசலி 1286 என்றால் 1876 ஜூலை முதல் 1877 ஜூன். நம் பயிர்ப் பருவத்துக்குப் பசலிதான் சரியான பெட்டி, குறுவையும் சம்பாவும் ஒரே ஆண்டுக்குள் அடங்கும். ஜனவரி முதல் டிசம்பர் வரை பெட்டி போட்டால் ஒரே சம்பா இரண்டாக வெட்டுப்படும். இழை தொடங்கியவர் தயவுசெய்து பசலியிலேயே அட்டவணை போடுங்கள்.

10. வெண்ணாற்றங்கரை

இனி 1876ஐப் பருவம் பருவமாகப் பிரித்துப் பார்ப்போம். நான் மேலே சொன்ன இரட்டைத் தண்ணீர்க் கணக்குக்கு இதைவிடத் தெளிவான ஆண்டு கிடையாது.

1870 முதல் 1876 வரை நடு பசிபிக் பெரும்பாலும் குளிர்ந்தே கிடந்தது. அதன் பின் 1877, 78இல் அளவுக்கு மீறிய எல் நினோ, அதோடு 1877இல் வலுவான நேர்மறை இருமுனை ஊசல். இதைச் சென்னை மாகாணத்தின் வரிசையோடு பொருத்துங்கள். 1876இல் வடகிழக்குப் பருவம் கைவிட்டது. தமிழகப் பரப்பில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்தது சுமார் 163 மி.மீ. இயல்பு 440 அளவில். அடுத்து 1877 ஜூன், ஜூலை, ஆகஸ்டில் தென்மேற்கும் ஏமாற்றியது. அதற்கும் பிறகு, அதே எல் நினோ ஆண்டின் செப்டம்பர், அக்டோபரில் மழை திரும்பியது. குளிர்ந்த பசிபிக் ஒரு பருவத்தைத் தின்றது, சூடான பசிபிக் அடுத்ததைத் தின்றது, மூன்றாவதை அதே சூடு திருப்பிக் கொடுத்தது. "எல் நினோப் பஞ்சம்" என்று ஒரே சொல்லில் அடைத்தால் முதல் அடி எங்கிருந்து வந்தது என்பது மறைந்துபோகும்.

இந்த 163 மி.மீ.க்கு அடுத்தபடியாக மோசமான ஆண்டு 2016. சுமார் 168 மி.மீ. அந்த ஆண்டும் குடகில் மழை குறைவு, கடும் எதிர்மறை இருமுனை ஊசல், பசிபிக் லேசாகக் குளிர்ந்தது. இரண்டு தண்ணீரும் ஒரே பசலியில் போயின. 140 ஆண்டு இடைவெளியில் அதே கூட்டு.

11. படியெடுப்பு

மழைக் கணக்கு சரி. ஆனால் செத்தவர்கள் எங்கே செத்தார்கள் என்று பாருங்கள். பிரிட்டிஷ் பகுதிகளில் மட்டும் ஐம்பது லட்சத்துக்கு மேல் இறந்தார்கள். சேலம் மாவட்டத்தில் 1871க்கும் 1881க்கும் இடையே மக்கள்தொகை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. பெல்லாரி, கர்னூல் பகுதிகளிலும் கோரம். தஞ்சை டெல்டா அந்த அளவு அடிபடவில்லை, ஆற்றுப்பாசனம் ஓரளவு தாங்கியது.

தாங்கியதால் எல்லாரும் உண்டார்களா என்றால் இல்லை. நாகப்பட்டினம் தஞ்சாவூர் இருப்புப்பாதை 1861இல் வந்தாயிற்று, அடுத்த ஆண்டு திருச்சி, பிறகு ஈரோடு வரை. நெல் விலை கூடிய இடத்துக்குப் போனது. நெல் கையிருப்பு உள்ள மிராசுதாருக்கு அது லாபக் காலம். கூலியாக நெல் வாங்கியவருக்கு வேலையும் சுருங்கியது, சந்தை விலையும் எட்டவில்லை. பஞ்ச வேலைக்கூலியை, இந்திய அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்டு டெம்பிள் ஒரு ஆணுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் என்று குறைத்தார். சென்னை மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ், கடும் வேலை செய்கிற உடம்புக்கு இது பற்றாது என்று எதிர்த்து எழுதினார். அவர் சொன்னதே சரி. நாகப்பட்டினத் துறையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கூலிக்குக் கப்பலேறியவர்களின் கணக்கையும் உங்கள் அட்டவணையில் ஒரு பத்தியாக வையுங்கள். மழைமானி காட்டாததை அது காட்டும்.

12. தலைமதகு

பாசனப் பக்கமிருந்து ஒரு எச்சரிக்கை. டெல்டாவின் விளைச்சல் வரிசையை மழையோடு பொருத்தும் முன் கட்டுமானம் மாறிய ஆண்டுகளில் கோடு கிழித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அணை செய்ததை வானத்தின் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. கொள்ளிடத்தின் படுகை தாழ்வு, போகும் வழி நேர், ஆகவே தண்ணீர் அதன் பக்கமே இழுபடும். காவிரித் தலைப்பில் மணல் மேடிட்டு, 1800களின் தொடக்கத்தில் டெல்டாவுக்கு வரத்து குறைந்துகொண்டே வந்தது. அந்த ஆண்டுகளின் விளைச்சல் சரிவைப் பார்த்து "மழை குறைந்தது" என்று எழுதினால் பிழை. 1836இல் பொறியாளர் ஆர்தர் காட்டன் அங்கே மேலணையைக் கட்டி மட்டத்தை உயர்த்தினார். அதன்பின் தண்ணீர் காவிரிப் பக்கம் அளவுக்கு மேல் வரத் தொடங்க, மணல்போக்கிகளும் உயரத் திருத்தமும் செய்ய வேண்டிவந்தது. 1836க்குப் பின் சாகுபடிப் பரப்பு கூடியதற்கு மழை காரணம் இல்லை.

அடுத்த கோடு 1924. பிப்ரவரியில் காவிரி நீர் பற்றி மைசூர், சென்னை ஒப்பந்தம். ஜூலையில் பெருவெள்ளம். அப்போது மேட்டூர் கிடையாது, குடகில் பெய்தது அப்படியே கொள்ளிடத்துக்கு வந்தது. அதற்கடுத்த கோடு 1934: மேட்டூரும் கல்லணைக் கால்வாயும். அதுவரை ஆற்றில் வந்த நாள்தான் தண்ணீர் நாள். அதன்பின் ஜூன் 12 என்று நாள் குறிக்க முடிந்தது. ஆகவே 1934க்கு முன் "தண்ணீர் தாமதம்" என்ற பதிவு வானிலைச் சான்று. பின்னால் வரும் அதே பதிவு வானிலை, கர்நாடக அணைகளின் இருப்பு, பங்கீட்டுத் தீர்ப்பு மூன்றும் கலந்தது. பங்கீட்டுத் தகராறு முற்றிய 1995, 2002, 2012, 2016, 2023 ஆகிய ஆண்டுகளை இப்படித்தான் பிரித்துப் படிக்க வேண்டும்.

13. நீர்க்கட்டி

பயிர் வகை மாறியதையும் கோடு கிழிக்க வேண்டும், அண்ணே. பழைய டெல்டாவில் ஊடு சாகுபடி உண்டு. குறுவை விதை பெரும்பங்கும், நீண்ட வயதுள்ள ஒட்டடையான் நெல் சிறுபங்கும் கலந்து விதைப்பார்கள். குறுவை ஐப்பசிக்குள் அறுவடையாகிவிடும், அப்போது ஒட்டடையானும் கதிரில்லாமல் சேர்ந்து அறுபடும். மழையில் அது தூர்விட்டுத் தழைத்து தை, மாசியில் கதிர் தரும். மகசூல் குறைவுதான். ஆனால் ஒரே உழவு, ஒரே நடவு, இரண்டு தண்ணீருக்கும் ஒவ்வொரு பயிர் காத்திருக்கிறது. ஆறு பொய்த்தாலும் மழை பொய்த்தாலும் கையில் ஏதாவது மிஞ்சும். 1960களின் நடுவில் ஏடிடி 27 நெல் ரகம் வந்து குறுவை, தாளடி இருபோகம் பரவியபின் ஊடு மறைந்தது. மொத்த விளைச்சல் ஏறியது, தாங்கும் வழி ஒன்று குறைந்தது. 1950க்கு முந்தைய வறட்சிக்கும் 1970க்குப் பிந்தைய வறட்சிக்கும் விளைச்சல் இழப்பை நேருக்கு நேர் ஒப்பிட்டால் இந்த வித்தியாசம் வந்து குழப்பும்.

14. புதுஆறு

1756 போலப் பன்னிரண்டு ஆண்டு இழுக்கும் வறட்சி இப்போது வந்தால் மேட்டூர் தாங்குமா? அதைத் தலைமதகு அவர்கள் சொன்னால் பயனாக இருக்கும்.

15. தலைமதகு

தாங்காது. கணக்கைப் பாருங்கள்.

முழுக் கொள்ளளவு 120 அடியில் 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி). விநாடிக்கு 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. அந்த அளவில் திறந்தால், வரத்தே இல்லை என்று வைத்துக்கொண்டால், நிரம்பிய அணை 93 நாளில் தரை தட்டும். குறுவையே 105 முதல் 115 நாள் வயது. ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை என்ற பாசனக் காலம் 230 நாள். அதாவது மேட்டூர் ஒரு பருவத்துக்குள்ளே தண்ணீரை ஒழுங்குபடுத்தும் அணை. இந்த ஆண்டுத் தண்ணீரை அடுத்த ஆண்டுக்கு வைத்திருக்கும் அணை இல்லை. ஒவ்வொரு ஆண்டும் குடகு நிரப்பியே ஆக வேண்டும்.

90 அடி இருந்தால் திறக்கலாம் என்று பேசுவது சுமார் 52 டி.எம்.சி.யை வைத்து, ஜூலையில் வரத்து வந்துவிடும் என்ற நம்பிக்கையில். 2023இல் ஜூன் 12இல் திறந்தும் வரத்து வராமல், அக்டோபர் 10இல் அணையை மூட வேண்டிவந்தது. கடைமடைக் குறுவை காய்ந்தது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள். அங்கிருந்து வேதாரண்யம் பக்கக் கடைமடைக்கு எட்ட இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், வாய்க்கால் காய்ந்து கிடந்தால் முதல் தண்ணீரை மண்ணே குடிக்கும். வறட்சி ஆண்டில் திறப்பு அளவைப் பாதியாக்கினால் கடைமடைக்குப் பாதி வராது, ஒன்றுமே வராது. மதகின் வாசல்மட்டத்துக்குத் தண்ணீர் ஏறாது என்பதே காரணம். அதனால்தான் முறை வைத்து, ஆறு நாள் வெண்ணாறு, ஆறு நாள் காவிரி என்பது போல நிறைத்து விடுகிறார்கள்.

தொடர் வறட்சியில் இப்போது பாரம் நிலத்தடி நீர்மேல் விழும். மேல்டெல்டாவில் ஆழ்குழாய் கொஞ்ச காலம் தாங்கும். நாகை, திருத்துறைப்பூண்டிப் பக்கம் இறைக்க இறைக்க உவர் உள்ளே வரும், அது ஒரு நல்ல மழையில் திரும்பிப் போகாது.

16. கடைமடை

இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று நினைக்கவில்லை. எல்லாருக்கும் நன்றி. என் திட்டம் இப்படி: பசலி 1284 முதல் 1288 வரை, ஒவ்வொரு பசலிக்கும் ஆற்று வரத்து, ஐப்பசி கார்த்திகை மழை, நெல் விலை, கப்பலேறியவர் என்று நான்கு பத்தி. வெள்ளச் சேதம் தனி. சரியா?

17. படியெடுப்பு

பத்திகள் சரி, தொடக்கம் சரியில்லை. 1284இல் தொடங்கினால் பஞ்சத்துக்கு முந்தைய இயல்பு விலை எது என்று தெரியாது. குறைந்தது பசலி 1276இலிருந்து எடுங்கள், அப்போது பஞ்சத்துக்கு முன் பத்து ஆண்டு கிடைக்கும். முடிவும் 1288இல் நிற்க வேண்டாம், 1291 வரை போங்கள், 1881 கணக்கெடுப்பு அதற்கு முன் பசலியில் விழுவதால் மக்கள்தொகையோடு ஒப்பிடலாம். நெல் விலையைக் கலத்துக்கு எழுதியிருக்கிறார்களா, மரக்காலுக்கா, கரிசைக்கா என்று ஒவ்வொரு தாளிலும் பாருங்கள். ஊருக்கு ஊர் மரக்கால் அளவு மாறும். அளவு தெரியாத விலையை அட்டவணையில் ஏற்றாமல் ஓரத்தில் குறித்து வையுங்கள்.

18. வெண்ணாற்றங்கரை

மழைப் பத்தியை இன்னும் இரண்டாக உடையுங்கள்: ஐப்பசி தனி, கார்த்திகையும் மார்கழியும் தனி. ஐப்பசி தவறினால் நட்ட சம்பா தூர் கட்டாது. கார்த்திகை, மார்கழி தவறினால் கதிர் வரும், மணி பிடிக்காது. இரண்டும் வெவ்வேறு இழப்பு, வைக்கோல் கணக்கில் அது தெரியும். வைக்கோல் இருந்து நெல் இல்லாத பசலியைக் கண்டால் அது பிற்பருவம் பொய்த்த ஆண்டு.

19. தலைமதகு

வைக்கோல் விலை கிடைக்காத ஊரில் மாடு விற்ற கணக்கைப் பாருங்கள். தீவனம் போனால் முதலில் மாடுதான் சந்தைக்கு வரும். மறு பசலியில் உழவு குறைந்ததற்கும் அதுவே காரணமாக இருக்கும், அந்த ஆண்டு மழை நன்றாகப் பெய்திருந்தாலும்.

20. கடைமடை

பசலி 1276 முதல் 1291. மழை இரண்டு பத்தி, மாட்டுச் சந்தை ஒரு பத்தி சேர்த்துக்கொண்டேன். முதல் தொகுதியைத் தட்டச்சு செய்ததும் இதே இழையில் போடுகிறேன், அளவு மாறிய விலைகளைச் சரிபார்த்துத் தாருங்கள்.